மூன்று பவுன் வரியும் ஒரு பவுன் வரியும்



திரிங்காப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவன் நான். சென்ற பருவத்தில் ஒரு நாள் உலகப் படத்தைச் சுவரில் மாட்டிக் கண்டங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். என் பிரம்பு ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நின்றபோது ஒரு மாணவி எழுந்தாள். “சார், அங்கேயும் நம்ம ஆளுங்க இருக்காங்களா?” என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றேன். “அங்கேயும் தேயிலைக்குத்தான் போனாங்களா?” என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் அவள் விளையாட்டாகக் கேட்டதில் பாதி உண்மை இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் நேட்டால் என்று ஒரு மாநிலம். அங்கே ஸ்டாங்கர் நகருக்கு அருகில் கியர்ஸ்னி என்னும் இடத்தில் ஹியூலட் என்ற துரை 1877-ஆம் ஆண்டு அசாம் தேயிலை வித்தைத் தருவித்துப் பயிரிட்டார். அந்தத் தோட்டங்களில் நிரையில் நின்று கொழுந்து பறித்தவர்கள் சஞ்சிக் கூலிகளாகப் போன இந்தியர்கள். நம் கேமரன் மலையில் முதல் பெரிய தேயிலைத் தோட்டம் தோன்றியது 1929-இல். அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கூடை சுமந்தாயிற்று. ஆனால் தேயிலை, கதையின் ஓரம்தான். நடுவில் நிற்பது கரும்பு.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் ‘துரூரோ’ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பலில் 342 பேர் இருந்தனர். அன்று தொடங்கி 1911 வரை 1 இலட்சத்து 52 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நேட்டாலுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆவர். ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங் சம்பளம், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. எங்கோ கேட்ட கதைபோல் இருக்கிறதல்லவா? நம் பாட்டன்மார் பேச்சில் வரும் ‘சஞ்சி’யும் இதே ஏற்பாடுதான்.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். நேட்டால் ஆளில்லாத காடன்று. அது ஜூலு மக்களின் நாடு. வலிமையும் உழைப்பும் மிக்க அந்த மக்கள் பல்லாயிரம் பேர் கண்ணெதிரே வாழும்போது, கடல் கடந்து ஏன் ஆள் கொண்டுவந்தார்கள்? “கறுப்பர்கள் சோம்பேறிகள், தோட்ட வேலைக்கு ஆகமாட்டார்கள்” என்று துரைமார் சொன்னார்கள். உண்மை என்னவென்றால், ஜூலுக்களுக்குச் சொந்த நிலம் இருந்தது, மாடுகள் இருந்தன, சோளம் விளைந்தது. வீட்டில் சோறு இருப்பவன் மாதம் 10 ஷில்லிங்குக்கு ஐந்தாண்டு கைநாட்டுப் போடுவானா? மலாயாவிலும் மலாய்க்காரரைப் பற்றி இதே ‘சோம்பேறி’ப் பேச்சுப் பேசப்பட்டது. அது குடியேற்ற ஆட்சியாளர் தம் வசதிக்காகக் கட்டிவிட்ட கதை என்பதை நம் நாட்டு அறிஞர் சையத் ஹுசேன் அலத்தாஸ் 1977-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார்.

ஆக, சொந்த மண்ணுள்ளவனை வேலைக்கு இழுக்க ஒரு சூழ்ச்சி வேண்டும். ஒப்பந்தம் முடிந்தவனை மீண்டும் ஒப்பந்தத்தில் தள்ளவும் ஒரு சூழ்ச்சி வேண்டும். இரண்டுக்கும் ஆட்சியாளர் கண்டுபிடித்த கருவி ஒன்றே. அதுதான் வரி.

முதலில் நம்மவர் மீது விழுந்த வரியைப் பார்ப்போம். ஐந்தாண்டு முடிந்தவர்கள் காய்கறி பயிரிட்டார்கள், தலையில் கூடை வைத்து வீடுவீடாக விற்றார்கள், சிறு கடைகள் வைத்தார்கள். இது வெள்ளையருக்குப் பொறுக்கவில்லை. 1895-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்பவேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்திடவேண்டும். இரண்டும் இல்லாமல் சுதந்திரமாக இருக்க விரும்பினால் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்டவேண்டும். அவர்கள் முதலில் கேட்டது 25 பவுன்! இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் வைசிராய் எல்ஜின் பிரபு அதை மூன்றாகக் குறைத்து ஒப்புதல் தந்தார். இது பெரிய தயவு என்று அவர் எண்ணியிருக்கலாம்.

மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங். முதலாண்டுத் தொழிலாளிக்கு அது ஆறு மாதச் சம்பளம். பின்னர் 16 வயது கடந்த ஆண் பிள்ளைக்கும் 13 வயது கடந்த பெண் பிள்ளைக்கும் இவ்வரி உண்டு என்றாயிற்று. கணவன், மனைவி, வளர்ந்த பையன், வளர்ந்த பெண் என நால்வருள்ள குடும்பத்துக்கு 12 பவுன், அதாவது 240 ஷில்லிங். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் மாதம் 14 ஷில்லிங் வாங்கியவனுக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைத்ததே 168 ஷில்லிங்தான். மீதி 72-க்கு அவன் எங்கே போவான்? மறுபடி கரும்புத் தோட்டத்துக்குத்தான் போவான். சட்டத்தின் நோக்கமும் அதுவே. இந்தக் கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போட்டபோது பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நம் தோட்டங்களில் முதியவர்களுக்கு இது விளங்கும். 1969-இல் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய ‘பெர்மிட்’ வேண்டும் என்று வந்தபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூட்டை கட்டிக் கப்பலேறின. ‘பெர்மிட்’ என்ற சொல்லைக் கேட்டாலே முகம் வாடும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள்.

இனி மற்ற வரி. ஆப்பிரிக்கர் மீது குடிசை வரி என்று முன்பே ஒன்று இருந்தது. ஒரு குடிசைக்கு 7 ஷில்லிங்காக இருந்ததை 1875-இல் 14 ஷில்லிங்காக உயர்த்தினார்கள். அதுவும் போதாதென்று, குடிசை வரி கட்டாத வயது வந்த ஆண் ஒவ்வொருவனும் தலைக்கு ஒரு பவுன் கட்டவேண்டும் என்று 1905-இல் சட்டம் செய்தார்கள். எல்லா இனத்தாருக்கும் பொது என்று ஏட்டில் எழுதியிருந்தாலும், அதன் பளு மணமாகாத ஆப்பிரிக்க இளைஞர் தலையில்தான் விழுந்தது. மாட்டை வைத்திருப்பவனிடம் பவுன் இருக்காது. பவுன் வேண்டுமானால் வெள்ளையர் பண்ணைக்கோ சுரங்கத்துக்கோ போய்த்தான் ஆகவேண்டும்.

1906-இல் பம்பாத்தா என்ற குலத்தலைவர் இதை எதிர்த்துக் கிளம்பினார். அரசாங்கம் பீரங்கி கொண்டு அடக்கியது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர் மாண்டனர். பல்லாயிரவர் கசையடி பட்டனர்.

அப்பொழுது நம்மவர் என்ன செய்தார்கள்? இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது எளிது. ஆனால் வரலாறு படிப்பிக்கிறவன் தாண்டக்கூடாது. அந்நாளில் நேட்டால் இந்தியருக்குத் தலைமை தாங்கியவர் காந்தி. அவர் இருபதுக்கு மேற்பட்ட இந்தியரைத் திரட்டித் தூக்குக்கட்டில் தூக்கும் படையாக அரசாங்கத்தின் பக்கமே போனார். விசுவாசத்தைக் காட்டினால் இந்தியருக்கு உரிமை கிடைக்கும் என்பது அவருடைய அன்றைய எண்ணம். போன இடத்தில் அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டவர்கள் கசையடியால் புண்பட்டுக் கிடந்த ஜூலுக்கள். வெள்ளையர் அவர்களைத் தொட மறுத்தார்கள். நம்மவர்தாம் புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். தம் நெஞ்சம் ஜூலுக்கள் பக்கமே இருந்தது என்று காந்தி பின்னாளில் எழுதினார். நெஞ்சம் அங்கே, படை இங்கே. ஆரம்ப காலத்தில் ஆப்பிரிக்கரைத் தாழ்வாகக் கருதி அவர் எழுதியவையும் உண்டு. அந்த எண்ணம் அவரிடம் நாளடைவில்தான் மாறியது. நம் மக்களிடம் மாற இன்னும் காலம் பிடித்தது.

நேயர்களே, 1913-ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஓர் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்றை நாம் எல்லோரும் அறிவோம். மற்றதை அறிந்தவர் சிலரே.

அறிந்ததை முதலில் சொல்கிறேன். இந்திய முறைத் திருமணங்கள் செல்லா என்று அவ்வாண்டு மார்ச்சில் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். மூன்று பவுன் வரியும் நீங்கவில்லை. ஜோகானஸ்பர்க் தமிழர்களின் தலைவர் தம்பி நாயுடு. அவர் மொரிசியசில் பிறந்தவர், பலமுறை சிறை கண்டவர். அக்டோபரில் அவரோடு பதினொரு பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குப் புறப்பட்டார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், பலர் கைக்குழந்தைக்காரிகள். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாளும் அவர்களில் ஒருவர். லயம் லயமாகச் சென்று, “மூன்று பவுன் வரி எடுபடும் வரை வேலைக்குப் போகாதீர்கள்” என்று தமிழில் பேசினார்கள். சுரங்கங்கள் நின்றன. நவம்பர் 6-ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் காந்தியின் தலைமையில் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடந்தார்கள். சட்டப்படி அது குற்றம். நடையிலேயே குழந்தைகள் சில இறந்தன.

பிறகு யாரும் அழைக்காமலே கடற்கரைக் கரும்புத் தோட்டங்களும் வேலை நிறுத்தத்தில் இறங்கின. ஏறக்குறைய இருபதாயிரம் பேர். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட ஆளில்லை. மவுண்ட் எட்ஜ்கம் தோட்டத்தில் தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர். தில்லையாடி வேர்கொண்ட குடும்பத்தில், ஜோகானஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை சிறை சென்று, கடுங்காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல் உயிர்விட்டாள். வயது 16. அவளுக்கு முன்பே, 1909-இல், நாகப்பன் என்ற இளைஞர் சிறைக் குளிரில் நோயுற்று மாண்டிருந்தார். மலைக் குளிரில் வாழும் நமக்கு, போதிய போர்வையின்றி வெட்டவெளி முகாமில் கிடப்பது என்னவென்று சொல்லவேண்டியதில்லை.

1914-இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. திருமணங்கள் ஏற்கப்பட்டன.

இப்போது அறியாத காரியம். அதே 1913-ஆம் ஆண்டு ஜூன் 19-இல் தென்னாப்பிரிக்க அரசாங்கம் நிலச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நாட்டின் பெரும்பான்மை மக்களான ஆப்பிரிக்கருக்கு மொத்த நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கே ஒதுக்கப்பட்டது. அதற்கு வெளியே அவர்கள் நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் கூடாது. தலைமுறை தலைமுறையாக உழுத வயலில் ஒருவன் ஒரே நாளில் கூலியாளானான், அல்லது மாட்டை ஓட்டிக்கொண்டு சாலையில் நின்றான். 1936-இல் அந்த ஏழு பங்கைப் பதின்மூன்றாக உயர்த்த ஏற்பாடாயிற்று. நம்மை வதைத்த வரிச்சட்டம் போராட்டம் மூண்ட மறு ஆண்டே போயிற்று. ஆப்பிரிக்கர் மீதான நிலச் சட்டம் 78 ஆண்டு நின்று 1991-இல்தான் நீக்கப்பட்டது.

அந்த வேலை நிறுத்தத்தில் சேர ஆப்பிரிக்கத் தொழிலாளரை நம்மவர் அழைக்கவில்லை. காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்புக்கு அருகிலேயே இனாண்டா என்ற இடத்தில் ஓலாங்கே பள்ளிக்கூடம் இருந்தது. அதை நிறுவியவர் ஜான் டூபே. 1912-இல் தோன்றி, பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசு எனப் பெயர் பெற்ற இயக்கத்தின் முதல் தலைவர் அவர். கோகலே 1912-இல் தென்னாப்பிரிக்கா வந்தபோது அவரைச் சென்று கண்டார். இருந்தும் இரு தலைவரும் தத்தம் மக்களுக்காகத் தனித்தனியே மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிகளின் வேர் ஒன்றென்பது இருபுறமும் தெளிவாகத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. வெளியூரிலிருந்து இப்படிச் சொல்வது சுலபம்தான். இன்று நம் மலையில் கொழுந்து வெட்டுவோரில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

கண் திறந்தது 1946-இல். இந்தியர் நிலம் வாங்குவதற்கும் அவ்வாண்டு தடை வந்தது. ஆப்பிரிக்கர் மீது 33 ஆண்டுக்கு முன் வீசிய வலை இப்போது நம்மவர் மீதும் விழுந்தது. டர்பனில் டாக்டர் ஜி. எம். நாயக்கர் தலைமையில் மறியல் தொடங்கியது. அவர் எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பிய தமிழர். ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் சிறை சென்றனர். பழைய தலைவர்களைப் போல் நாயக்கர் இந்தியரோடு நின்றுவிடவில்லை. 1947 மார்ச் 9-ஆம் நாள் அவரும், டிரான்ஸ்வால் இந்தியர் தலைவர் டாக்டர் யூசுப் தாதூவும், ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுத் தலைவர் டாக்டர் சூமாவும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். வாக்குரிமை, நில உரிமை, கல்வி ஆகியவற்றுக்காக இனி ஒன்றாகப் போராடுவோம் என்பது அதன் சாரம். மூவரும் மருத்துவர்கள். ஆகவே அது மூன்று டாக்டர்கள் ஒப்பந்தம் என்றே பெயர் பெற்றது.

தலைவர்கள் கையெழுத்திட்டால் தெரு உடனே மாறிவிடுமா? 1949 ஜனவரியில் டர்பன் கடைத்தெருவில் ஓர் இந்தியர் ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவனை அடித்துவிட்டார். செய்தி ஊதிப் பெருகி, கலவரம் மூண்டு, 142 பேர் மாண்டனர். ஆப்பிரிக்கரும் இறந்தார்கள், இந்தியரும் இறந்தார்கள். ஆப்பிரிக்கர் கடை வைக்கவும் பேருந்து ஓட்டவும் ஆயிரம் தடை. சட்டம் போட்ட துரை கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிந்தவர் கடையிலிருந்த இந்தியர்தான். அந்தப் பிணங்களின் நடுவிலும் இரு காங்கிரசுத் தலைவர்களும் கூட்டறிக்கை விட்டார்கள், உடன்பாட்டைக் கைவிடவில்லை. 1952-இல் அநீதிச் சட்டங்களை மீறும் இயக்கத்தில் இரு இனத்தாரும் சேர்ந்தே சிறைக்குப் போனார்கள். எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். 1956-இல் இராஜத் துரோக வழக்கில் நிறுத்தப்பட்ட 156 பேரில் மண்டேலாவும் இருந்தார், நாயக்கரும் இருந்தார்.

தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு 1963-இல் பிடிபட்டு ராபன் தீவுச் சிறையில் பத்தாண்டு கிடந்தார். பேத்தி சாந்தி நாயுடுவை 1969-இல் தனிச்சிறையில் அடைத்து, மண்டேலாவின் மனைவி வின்னிக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். தாத்தா இந்தியருக்காகச் சிறை போனார். பேரப்பிள்ளைகள் எல்லோருக்காகவும் போனார்கள்.

நாடுகளின் வெளியுறவுக் கொள்கையிலும் இதே மாற்றத்தைக் காணலாம். 1946-இல், முழு விடுதலைக்கு முன்பே, இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வாணிபத்தை முறித்துக்கொண்டு ஐக்கிய நாட்டு மன்றத்தில் முறையிட்டது. விஜயலட்சுமி பண்டிதர் வாதாடினார். டிசம்பர் 8-இல் 32-க்கு 15 என்ற வாக்குக் கணக்கில் இந்தியாவின் பக்கம் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் அந்த முறையீடு அங்கிருந்த இந்தியர்களைப் பற்றி மட்டுமே. 1952-இல்தான் ஆசிய, அரபு நாடுகள் பதின்மூன்று சேர்ந்து இன ஒதுக்கல் முழுவதையும் மன்றத்தின் முன் வைத்தன.

நம் நாட்டின் பங்கும் சிறிதன்று. 1960 மார்ச் 21-இல் ஷார்ப்வில் என்ற ஊரில், ஆப்பிரிக்கர் கட்டாயமாகச் சுமக்கவேண்டிய அனுமதிச் சீட்டை எதிர்த்து வெறுங்கையோடு கூடிய கூட்டத்தின்மீது போலீசார் சுட்டு 69 பேர் மாண்டனர். மே மாதம் லண்டனில் காமன்வெல்த் பிரதமர்கள் கூடினார்கள். ஒரு நாட்டின் உள் விவகாரத்தை அங்கே பேசுவதில்லை என்பது வழக்கம். விடுதலை பெற்று மூன்றே ஆண்டு நிறையாத மலாயாவின் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அந்த வழக்கத்தை மீறிக் கண்டனம் தெரிவித்தார். அவ்வாண்டே மலாயா தென்னாப்பிரிக்கச் சரக்குகளுக்குத் தடை விதித்தது. மறு ஆண்டு மார்ச்சில் மீண்டும் நெருக்கடி முற்ற, தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தில் நீடிக்கும் விண்ணப்பத்தைத் தானே திரும்பப் பெற்று, 1961 மே 31-இல் வெளியேறியது. விடுதலையான மண்டேலா 1990 நவம்பரில் கோலாலம்பூருக்கு வந்தபோது நம் நாட்டில் பெரும் வரவேற்புக் கிடைத்தது இதனால்தான்.

என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். கியர்ஸ்னித் தேயிலை இன்று இல்லை. 1911-இல் ஒப்பந்த ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியதும் அத்தொழில் தேயத் தொடங்கி, சில பத்தாண்டுகளில் மறைந்தது. சொற்பக் கூலிக்கு ஆள் இல்லாதபோது அங்கே செடி இலாபம் தரவில்லை. அந்தக் கடற்கரையில் இன்று நிற்பது கரும்புதான்.

1994 ஏப்ரல் 27-ஆம் நாள், நிற வேறுபாடின்றி எல்லா மக்களும் வாக்களித்த முதல் தேர்தலில், மண்டேலா தம் வாழ்நாளின் முதல் வாக்கை எங்கே போட்டார் தெரியுமா? இனாண்டாவில், அந்த ஓலாங்கே பள்ளிக்கூடத்தில். அப்போது அவருக்கு 75 வயது. அருகிலிருந்த ஜான் டூபேயின் கல்லறைக்குச் சென்று, நாடு விடுதலை பெற்றுவிட்டது என்று முதல் தலைவருக்குத் தெரிவித்தார். அதே நாளில் டர்பன் நகர வாக்குச் சாவடிகளில் நீண்ட வரிசை நின்றது. மூன்று பவுன் வரி கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும், ஒரு பவுன் வரி கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் அதில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.